பொட்டு வைத்து அனுப்பிய வண்டுகள்

கட்டட வேலை பார்க்காத மேஸ்திரி அந்தத் தெருவில் ஒருத்திதான். அவள் வைத்திருந்தது தென்னை நாற்றுப்பண்ணை. யார் வீட்டில் என்ன வேலை நடந்தாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று, இரண்டு யோசனை சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள் என்பதால் வந்த பட்டம் அது. சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் திட்ட நினைத்தவர்களும் அவள் சொன்னபடியே செய்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி என்றார்கள். அது காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷனுக்குப் பட்டம் நிதானம். தலைக்கு நேராகத் தேங்காய் விழுந்தாலும் எந்தப் பக்கம் நகரலாம் என்று யோசித்துவிட்டுத்தான் நகர்வார் என்று அவருடைய கொழுந்தியாள் வைத்த பேர். அந்தக் கொழுந்தியாள், அதாவது மேஸ்திரியின் ஒரே தங்கை சின்னவள், அடுத்த தோப்பில்தான் குடியிருந்தாள். இரண்டு தோப்புக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி. சர்க்கரையும் சண்டையும் அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தன.

மேஸ்திரியுடையது காய்க்கிற தோப்பு. சின்னவளுடையது கன்றுத் தோப்பு. புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, அவளே குழி வெட்டி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தது. கன்றெல்லாம் அக்காவின் பண்ணையில் முளைத்தவை. இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி, அடி திரண்டு, இன்னும் கொஞ்ச காலத்தில் முதல் பாளை விடும் என்கிற பருவம். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சின்னவள் அடுப்படிக்குப் போவாள். லாரிக்காரர் வீட்டில் இருக்கிற நாட்களில் தேநீருக்காகக் காத்துக் கிடந்து, "முதல்ல மரம், அப்புறம்தான் மனுஷன்" என்று முணுமுணுப்பார்.

தென்னை வளர்க்கிறவர்களுக்குக் காண்டாமிருக வண்டு புதிதில்லை. கட்டைவிரல் பருமனில் கறுகறுவென்று, மூக்குக்கு மேல் ஒரு கொம்போடு இருக்கும். மரத்தின் உச்சியில் குருத்து விரியும் முன்பே அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாற்றை உறிஞ்சும். பிறகு அந்தக் குருத்து ஓலையாக விரியும்போது, கத்தரிக்கோலால் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். சின்ன மரத்தில் நடுக்குருத்தைத் தின்றுவிட்டால் அந்த மரம் அதோடு சரி.

மற்றவர்கள் வண்டை இழுக்கிற வாசனைப் பை தொங்கவிட்ட வாளியைத் தோப்பில் வைத்து, அதில் வந்து விழுகிற வண்டுகளை நசுக்கிப் போடுவார்கள். மேஸ்திரியும் வாளி வைத்திருந்தாள். ஆனால் அவள் நசுக்க மாட்டாள். குளிப்பாட்டுவாள்.

சாயங்காலமானால் அது ஒரு தனி வேடிக்கை. நகரத்துப் பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்த பாட்டில் ஐஸ் டப்பாவிலிருந்து வெளியே வரும். மருந்து என்று பேர்தானே தவிர, உள்ளே இருந்தது நோய். அந்த வண்டுக்கு மட்டுமே வருகிற கிருமி. மனிதனையோ மாட்டையோ ஒன்றும் செய்யாது. அதைப் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரோடு கலந்து, பிடித்த வண்டுகளை உள்ளே விடுவாள். அவை தத்தளித்து, முழுங்கி, விளிம்பைப் பிடித்து ஏறி வரும். ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றியெடுத்து, முதுகில் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைப்பாள். தான் அனுப்பியது எது என்று தெரிய வேண்டுமே. பிறகு உள்ளங்கையில் வைத்து விரித்தால் விர்ரென்று கிளம்பிப் போகும். நோய் பிடித்த வண்டு தின்னாது, முட்டை வைக்காது, சீக்கிரமே செத்துப்போகும். சாவதற்குள் தன் கூட்டத்துக்கெல்லாம் ஒட்டவைத்துவிடும். முந்தைய வருடங்களில் இது பிரமாதமாகப் பலித்தது. அந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் மேஸ்திரியின் நடையே ஒரு தினுசாக இருந்தது.

சின்னவளுக்கு மட்டும் அது ஒப்பவே இல்லை.

"கையில கிடைச்சதை நசுக்கிப் போடாம, குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, வழியனுப்பி வேற வைக்கிற. பொண்ணு பார்க்கவா போகுது அது?"

"நசுக்கினா ஒண்ணுதான்டி சாகும். நோயைக் குடுத்து அனுப்பினா குடும்பத்தோட போகும்."

"எனக்கென்னவோ மனசு கேக்கல."

"உன் மனசு கேக்கிற வரைக்கும் காத்திருந்தா ஒரு வேலையும் ஓடாது. போய் உன் மரத்துக்குத் தண்ணி ஊத்து."

இந்த வருஷம் மழை விட்டதும், விரிந்து வந்த ஓலைகளில் வெட்டு தெரிந்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு பார்க்கிற மரத்திலெல்லாம். மேஸ்திரி அசரவில்லை. அனுப்பியது போதவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினாள். வாளிகளைக் கூட்டினாள். பாட்டில்களைக் கூடுதலாக வாங்கி வந்தாள். தினமும் பேசின் நிறைய வண்டுகளைக் குளிப்பாட்டிப் பறக்கவிட்டாள். "கொஞ்சம் பொறு. இப்போ விட்டதெல்லாம் வேலை செய்ய ஆரம்பிச்சா ஒண்ணு மிஞ்சாது" என்று தங்கையிடம் அடித்துச் சொன்னாள். அவள் குரலைக் கேட்டால் வண்டே நம்பிவிடும்.

ஒரு நாள் காலையில் சின்னவள் வேலியைக் குனிந்து வந்தாள். மேஸ்திரி நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்த கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டிச் சுவரின் மேல் ணங்கென்று வைத்தாள். உள்ளே ஒரு வண்டு கொழுகொழுவென்று, கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. முதுகில் சிவப்புப் பொட்டு.

"யார் வீட்டுப் பிள்ளைன்னு பாரு."

"எங்க இருந்துச்சு?"

"கிணத்தடி மரத்துல, நடுக்குருத்துக்குள்ள. கொக்கிக் கம்பியை விட்டு இழுக்கலாம்னு போனேன். தானாவே வெளிய வந்து நின்னு என்னைப் பார்க்குது. அப்படியே உன் திமிரு."

"ரெண்டு நாளைக்கு முன்னாடி விட்டதா இருக்கும்டி. நோய் உள்ள இறங்க நேரம் எடுக்கும்னு எத்தனை தடவை..."

"மரம் போச்சுக்கா." சின்னவளின் குரல் உடைந்தது. "குருத்தைத் தொட்டா கையோட வருது. உள்ள அழுகி நாறுது. அவர் நேத்து வந்து பார்த்துட்டு, எல்லாத்தையும் வெட்டிட்டு லாரி நிறுத்த ஷெட் போட்டுடலாம்னு சொல்லிட்டாரு. ரம்பக்காரரையும் வரச் சொல்லியாச்சு. காய்க்கிற மரம்னா நான் மல்லுக்கு நிக்கலாம். வண்டுக்குச் சோறு போடுற மரத்தை வெச்சுக்கிட்டு என்னன்னு மல்லுக்கு நிக்கிறது?"

மேஸ்திரியிடம் பதில் தயாராக இருந்தது. அவளிடம் எப்போதும் இருக்கும். ஆனால் வாயைத் திறந்தவள் பாட்டிலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். சிவப்புப் பொட்டு. சிவப்புப் பாலிஷ் மழை தொடங்கும்போதே தீர்ந்துவிட்டது. கடையில் சிவப்பு இல்லாமல் ரோஸ் நிறத்தில்தான் வாங்கி வந்தாள். மழைக்காலம் பூராவும் ரோஸ் பொட்டுதான். அப்படியானால் இது மழைக்கு முன்னால் அனுப்பியது. இந்நேரம் செத்து மண்ணாகியிருக்க வேண்டியது, தின்று கொழுத்து அவள் கண் முன்னால் பாட்டிலைப் பிறாண்டுகிறது.

பாட்டிலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ரம்பக்காரரை ஒரு வாரம் தள்ளிப் போடு," என்றாள். "இந்தப் பாட்டில் எங்கிட்ட இருக்கட்டும்."

"ஒரு வாரத்துல என்ன பண்ணிடுவ?"

"தெரிஞ்சுக்கிட்டு வரேன்."

தெரியாது என்று அக்கா சொல்லிக் கேட்டதே இல்லையாதலால் சின்னவள் கொஞ்சம் பயந்துபோய்த் திரும்பிப் போனாள்.

மேஸ்திரி அன்றைக்கே சிவப்புப் பொட்டோடு இரண்டு தோப்பு வண்டுகளையும் டப்பாக்களில் அடைத்துக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் பூச்சி மேடம் என்று கூப்பிடுகிற பெண் விஞ்ஞானி கதையைக் கேட்டுவிட்டு, வழக்கமான சிரிப்பைச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வண்டிலும் ஒரு காலை மட்டும் கத்தரித்து, குட்டிக் குட்டிக் குழாய்களில் போட்டு மூடினாள். பரிசோதனை முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னாள். அந்த வாரம் மேஸ்திரி யார் வீட்டு வேலையிலும் தலையிடவில்லை. தெருவில் எதிரே வந்தவர்கள் உடம்புக்கு ஆகவில்லையா என்று விசாரித்தார்கள். சாயங்காலங்களில் பேசின் காய்ந்து கிடந்தது. வாளியில் விழுந்த வண்டுகளைச் செங்கல்லால் நசுக்கினாள்.

கூப்பிட்ட அன்று போனபோது, ரசக்கற்பூர உருண்டை நெடியடிக்கும் அந்த அறையில், மேஜை மேல் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது. அதில் இரண்டு வண்டுகள் ஊசியில் குத்தி வைக்கப்பட்டிருந்தன.

"இதுல ஒண்ணு நாங்க ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பிடிச்சு வெச்ச பழைய வண்டு. இன்னொண்ணு உங்க தங்கச்சி தோப்புல இருந்து வந்தது. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் மேடம்.

மேஸ்திரி குனிந்து பார்த்தாள். கொம்பைப் பார்த்தாள், முதுகின் வரிகளைப் பார்த்தாள், வயிற்றுப் பக்கத்து ரோமத்தைப் பார்த்தாள். வண்டு விஷயத்தில் தோற்றுப்போக அவளுக்கு மனமில்லை. "இதுதான் எங்களுது" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுதான் பழசு."

"அடடா."

"விடுங்க. நானும் தப்பாத்தான் சொன்னேன். இந்த இடத்துல இருக்கிற எல்லாரும் தப்பாத்தான் சொன்னாங்க. கண்ணால பிரிக்க முடியாதும்மா. மரபணுவைப் பார்த்தாத்தான் தெரியுது. உங்க சிவப்புப் பொட்டும் சரி, நீங்க கொண்டுவந்த மத்ததும் சரி, நம்ம பழைய வண்டு இல்ல. வேற வழியில வந்தது. மண்ணோடவோ சரக்கோடவோ எங்கிருந்தோ வந்து இறங்கி, பழசோட பழசா கலந்து நின்னுடுச்சு."

"வேற சாதி வண்டா?"

"வேற இனம்னே சொல்லலாமா, இல்ல ஒரே இனத்துல இன்னொரு கிளைன்னு சொல்லணுமான்னு நாங்களே இன்னும் அடிச்சுக்கிறோம். உங்களுக்கு அது முக்கியமில்ல. உங்களுக்கு முக்கியமானது ஒண்ணுதான். பழைய வண்டுக்கு அந்த நோய் எமன். இதுக்கு அது வெறும் தண்ணி."

மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்தாள். வெறும் தண்ணீர். எத்தனை சாயங்காலம். வாளியில் தானாக வந்து மாட்டிய வண்டுகளைத் தன் கையாலேயே எடுத்து, துடைத்து, தங்கையின் தோப்புப் பக்கமாகப் பார்த்துப் பறக்கவிட்டிருக்கிறாள். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற அக்கறையோடு செய்தாளே என்று நினைத்தபோது கூசியது.

"பாட்டில் குடுத்தது நாங்க. வருஷா வருஷம் வண்டைப் பரிசோதிச்சுட்டுக் குடுத்திருக்கணும். தப்பு எங்களோடது" என்றாள் மேடம்.

"குடுத்தது நீங்க. பறக்கவிட்டது நான்" என்றாள் மேஸ்திரி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அழுகிற ஜாதி இல்லை அவள். "சரி மேடம். இப்போ இதை எப்படி ஒழிக்கிறது? அதைச் சொல்லுங்க."

மேடம் சொன்னாள். குருத்தில் இருப்பதைக் கம்பியால் எடுக்க வேண்டும். வாளியில் விழுந்ததைக் கொல்ல வேண்டும். புழுவைத் தாக்குகிற பச்சைப் பூஞ்சை ஒன்று இருக்கிறது, அதைத் தருகிறேன். எல்லாவற்றையும்விட, அது முட்டை வைக்கிற இடத்தை அழிக்க வேண்டும். மக்கின குப்பை, சாணம், செத்த தென்னங்கட்டை.

"முக்கியமா, மரத்தை வெட்டிப் போட்டு மக்கவிட்டுடாதீங்க. ஒரு கட்டை போதும், அதுக்குள்ள ஒரு ஊரே வளரும்."

மேஸ்திரிக்கு ரம்பக்காரர் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது, முதலில் சின்னவளிடம் மட்டும் சொல்லலாமா என்று அவள் பாட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"இப்பவே போய்ச் சொல்லு. நானும் வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அவசரப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

சின்னவள் வாசல் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் தோப்பில் கயிறு பிடித்து ஷெட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க."

"உங்க பேச்சுல குறுக்க பேச என்னிக்கு அண்ணி இடம் கிடைச்சிருக்கு?" என்றார் லாரிக்காரர்.

அவள் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. இரண்டு வண்டையும் காட்டித் தன்னைக் கேட்டபோது தப்பாகக் கைகாட்டியதைக்கூடச் சொன்னாள். குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நிதானம் போய் அதை மூடினார்.

"அப்போ எங்க மரத்தைத் தின்னது நீங்க வளர்த்த பூச்சி" என்றார் லாரிக்காரர்.

"வளர்க்கல. பிடிச்சு வெச்சிருந்ததை விட்டேன். ரெண்டும் ஒண்ணுதான், நான் இல்லேங்கல. இன்னொண்ணும் சொல்லணும். மரத்தை வெட்டாதீங்க. வெட்டிப் போட்ட கட்டையிலதான் அது முட்டை வைக்கும். இன்னும் பல மடங்கா கிளம்பும். அப்புறம் இந்தப் பக்கம் யார் தோப்பும் மிஞ்சாது."

சின்னவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "போன வாரம் வரைக்கும் விடணும் விடணும்னு சொன்ன. இன்னிக்கு வெட்டாதேங்கிற. அதையும் இப்படித்தான் அடிச்சுச் சொன்ன, இதையும் இப்படித்தான் அடிச்சுச் சொல்ற. நான் எதை நம்புறது?"

மேஸ்திரி வேலிப் பக்கம் திரும்பினாள்.

"நம்பாத," என்றாள். "வா. கண்ணால பாரு."

வேலியைக் குனிந்து நால்வரும் இந்தப் பக்கம் வந்தார்கள். நாற்றுப்பண்ணையின் கோடியில் இருந்தது அந்தக் குப்பைமேடு. சாணமும் தென்னைநார்க் கழிவும் சருகும் போட்டு மக்கவைத்தது. பண்ணையின் உயிரே அதுதான். அதைச் சலித்துத்தான் நாற்றுப் பைகளில் நிரப்புவாள். மேடு சரியாமல் இருக்கச் சுற்றிலும் முன்பு அடித்த காற்றில் சாய்ந்த தென்னங்கட்டைகளை அண்டை கொடுத்திருந்தாள். மற்ற பண்ணைக்காரர்கள் குப்பையை வலை போட்டு மூடுவார்கள், அடிக்கடி கிளறிப் புழுவைப் பொறுக்குவார்கள். இவள் விட்டுவிட்டாள். புழுவை நோய் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தாள்.

மண்வெட்டியை எடுத்துக் கொத்தி இழுத்தாள். முதல் கொத்திலேயே வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு உருண்டன. கைவிரல் தடிமனுக்குப் புழுக்கள், பழுப்புத் தலையோடு, ஆரோக்கியத்துக்குக் குறைவில்லாமல் நெளிந்தன. நோய் பிடித்த புழு கண்ணாடி மாதிரி உள்ளே தெரிய ஆரம்பித்துவிடும். அப்படி ஒன்றாவது இருக்கிறதா என்று மேஸ்திரி மண்டியிட்டு இரண்டு கையாலும் கிளறித் தேடினாள். ஒன்று இருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒன்றுகூட இல்லை. லாரிக்காரர் பக்கத்துக் கட்டையைக் காலால் ஓர் உதை விட்டார். பிஸ்கட் மாதிரி உடைந்து, அதற்குள்ளிருந்தும் கொட்டின.

"பார்த்தியா?" என்றாள் மேஸ்திரி. "பண்ணையை மூடிட்டேன். இந்தக் குப்பையை வெச்சுக்கிட்டு இனிமே ஒரு நாத்து வெளிய போகாது. வாங்கிட்டுப் போனவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்ச் சொல்லப்போறேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். பண்ணை மூடினால் அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்.

"உன் வாயால தப்புன்னு ஒரு வார்த்தை கேட்கணும்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா?" என்றாள். "இப்போ கேட்டாச்சு. ஒரு சந்தோஷமும் வரல. எரிச்சலாத்தான் வருது."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ரம்பக்காரருக்குப் போன் போடுங்க. நாளைக்கே வரட்டும்."

மேஸ்திரி சட்டென்று எழுந்தாள்.

"என் தோப்புக்கு இல்ல," என்றாள் சின்னவள். "இங்க. இந்தக் கட்டையெல்லாத்தையும் துண்டு போட்டு எரிச்சாகணும். கிணத்தடி மரம் செத்துடுச்சு, அதை மட்டும் எடுத்துட்டு வந்து இதோட சேர்த்து எரிக்கட்டும். மத்த மரம் இருக்கட்டும்."

லாரிக்காரர் ஏதோ சொல்ல வந்தார். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மேஸ்திரியும்தான் ஏதோ சொல்ல வந்தாள். கட்டையை எந்தப் பக்கத்திலிருந்து பிளக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. சொல்லவில்லை.

"மாமா, ஒரு வாளியில சோப்புத் தண்ணி கலந்து கொண்டு வாங்க. சீக்கிரம். அக்கா, நீ எதுக்கு நிக்கிற? கூடையை எடு."

நிதானம் ஓடினார். நிஜமாகவே ஓடினார். மேஸ்திரி கூடையை எடுத்துக்கொண்டு தங்கை காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் மண்வெட்டியால் இழுத்துப்போட இவள் பொறுக்கினாள். சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. வியர்வையும் குப்பைத் தூசியும் சேர்ந்து கழுத்தெல்லாம் அரித்தது. கூடை நிறைந்தால் சோப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். மேடு பாதி கரைந்தது.

சின்னவள் மண்வெட்டியை நிறுத்தாமலே, அக்காவைப் பார்க்காமலே சொன்னாள். "கிணத்தடியில மரத்தை எடுத்துட்டா அந்தக் குழி சும்மா கிடக்கும். ஒரு கன்னு வேணும்."

மேஸ்திரிக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் சாணி. முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"இங்க இருக்கிறது எதுவும் வேண்டாம்," என்றாள். "நல்லா முத்தின நெத்துத் தேங்காயாப் பார்த்து எடுத்து, புது மண்ணுல முளைக்கப் போட்டுத் தரேன். நாளாகும்."

"ஆகட்டும்," என்றாள் சின்னவள்.